சேட்டையா, நோயா?

கடுவன் பூனை ஒன்று மணல் தட்டில் ஏறி உட்கார்ந்து முக்குகிறது. ஒன்றும் வராமல் இறங்குகிறது. கால் மணி நேரத்தில் மறுபடியும் ஏறுகிறது. அடிவயிற்றை ஓயாமல் நக்குகிறது, தொட்டால் கத்துகிறது. வீட்டில் இருப்பவர்கள் மலச்சிக்கல் என்று முடிவுகட்டி, விளக்கெண்ணெய் புகட்டிவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறார்கள். ஆனால் அடைபட்டிருப்பது பெரும்பாலும் சிறுநீர். கடுவனின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. சளியும் உப்புப் படிகங்களும் சேர்ந்த சிறு திரள் ஒன்றே அதை முழுதாக மூடிவிடும். சிறுநீர் வெளியேற வழியில்லாதபோது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது, ஓரிரு நாளில் பூனை இறந்துவிடுகிறது. அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால், மயக்க மருந்து கொடுத்து, குழாய் செலுத்தி அடைப்பை நீக்கியிருப்பார்.

இதே பூனை சில வாரங்களுக்கு முன் சோபாவிலும் மடித்து வைத்த துணியிலும் சிறுநீர் கழித்ததற்காக அடிவாங்கியிருக்கக்கூடும். கொழுப்பெடுத்துவிட்டது என்று திட்டியிருப்பார்கள். உண்மையில் அதன் சிறுநீர்ப்பையின் உட்சுவர் அழன்று, ஒவ்வொரு சொட்டும் எரிந்திருக்கும். எரிச்சலையும் தட்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்ட பூனை, தட்டைத் தவிர்த்து மெத்தென்ற இடம் தேடியிருக்கும். பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளில் இந்தத் தொல்லை வரும்போது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லும் இருப்பதில்லை, கிருமியும் இருப்பதில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். பூனை வாழும் சூழலின் நெருக்கடி, நரம்பு மண்டலத்தின் வழியே சிறுநீர்ப்பையைப் பாதிக்கிறது என்பது அவர் கண்டது. வீட்டுக்குப் புதிதாக வந்த இன்னொரு பூனை, ஒளிந்துகொள்ள மூலையில்லாத அடுக்குமாடி வீடு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்த தட்டு, நாள்கணக்கில் அள்ளாத மணல் ஆகியவை போதும் இந்த நோயைக் கிளப்ப. வீட்டில் எத்தனை பூனைகளோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள், ஏறிப் படுக்க உயரமான இடம், நிறையத் தண்ணீர், தினமும் கொஞ்சம் விளையாட்டு என்று மாற்றிக் கொடுத்தபோது பல பூனைகளுக்கு நோய் குறைந்தது. இதை உடல்நோய் என்பதா, நடத்தைக் கோளாறு என்பதா?

நாய் பூனைகளின் உடல்நலத்தையும் நடத்தையையும் நாம் இரண்டு கணக்காக வைத்திருக்கிறோம். காய்ச்சல், கழிச்சல், சொறி என்றால் கால்நடை மருத்துவர்; கடி, குரைப்பு, கண்ட இடத்தில் அசுத்தம் என்றால் பிரம்பு. இந்தப் பிரிவினை தவறு என்பதும், வீட்டு விலங்குகள் படும் வீண் துன்பத்தில் பெரும்பங்கு இதிலிருந்தே வருகிறது என்பதும் என் உறுதியான எண்ணம்.

இதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடைய சகாக்களும் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நடத்தைக் கோளாறு என்று நிபுணர்களிடம் அனுப்பப்பட்ட நாய் பூனைகளில், குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு உடலில் ஏதோ ஒரு வலி இருந்தது என்றும், சில இடங்களில் அந்த அளவு 80 சதவீதத்தை நெருங்கியது என்றும் அதில் எழுதினார்கள். நேற்றுவரை குழந்தைகளோடு விளையாடிய லேப்ரடார் இன்று இடுப்பில் கை வைத்ததும் உறுமுகிறது என்றால், அதன் இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கலாம். தலையைத் தடவவிடாமல் கடிக்க வரும் காக்கர் ஸ்பேனியலின் காதுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். மூன்று வயதைத் தாண்டிய நாய்களிலும் பூனைகளிலும் ஈறு நோய் இல்லாதவை குறைவு. சாப்பாட்டுத் தட்டின் அருகே போய்விட்டுத் திரும்பிவிடும் பூனையைப் பிடிவாதக்காரி என்பதற்கு முன் அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பூனைகள் வலியை எளிதில் வெளியே காட்டுவதில்லை. குர் குர் என்ற ஒலியை நாம் மகிழ்ச்சி என்று எண்ணுகிறோம். கடும் வலியிலும் சாகும் தறுவாயிலும்கூடப் பூனைகள் அப்படி ஒலியெழுப்புவதுண்டு.

சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்ற புகாரும் இப்படித்தான். பால்வெள்ளை நிறத்துக்காகப் போற்றப்படும் ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. நிறமி இல்லாமையும் உட்செவிக் குறைபாடும் சேர்ந்தே வருபவை. கூப்பிட்டால் வராத குட்டியை அடிப்பதற்கு முன், அது தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நாய்க்குத் தன் தவறு தெரியும் என்று வளர்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள். காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறதே, குற்ற உணர்வுதானே அது என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு எஜமானர் அறையைவிட்டு வெளியே போவார். நாய் தின்றதா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குச் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் சொல்லப்படும். நாய் திட்டு வாங்கியபோதெல்லாம் அந்தக் குற்ற முகம் வந்தது, தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும். தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அழுத்தமாக இருந்தது. அந்த முகம் அச்சத்தின் முகம். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, காலை பத்து மணிக்குக் கிழிக்கப்பட்ட தலையணையைக் காட்டி அடித்தால், நீங்கள் வீடு திரும்புவதே ஆபத்தான நேரம் என்பதைத்தான் நாய் கற்கும். தனிமையில் பதறித் தலையணையைக் கிழித்த நாய்க்கு அந்தப் பதற்றம் மறுநாள் இரட்டிப்பாகும்.

அடிக்கு இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: கூட்டத்தின் தலைவன் யார் என்று நாய்க்குக் காட்ட வேண்டுமாம். இந்தக் கருத்து, ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்து கிளைத்தது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. அதே மீச், காட்டில் ஓநாய்களோடு பல ஆண்டுகள் கழித்தபின் 1999இல் அதைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம். அங்கே தலைமைக்கான ஓயாத சண்டை இல்லை. சொன்னவரே விட்டுவிட்ட கருத்தைப் பிடித்துக்கொண்டு இன்றும் பல பயிற்சியாளர்கள் குட்டிகளை மல்லாக்கத் தள்ளி அமுக்குவதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நடத்தைக் கோளாறுகளில் பல, குட்டி நம் வீட்டுக்கு வரும் முன்பே விதைக்கப்பட்டுவிடுகின்றன. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடத்திய நீண்ட ஆய்வு 1965இல் நூலாக வந்தது. நாய்க்குட்டி உலகத்தோடு பழகக் கற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரைதான் என்பது அன்று நிலைபெற்ற உண்மை. பூனைக்குட்டிக்கு அது இன்னும் குறைவு, இரண்டிலிருந்து ஏழு வாரம். நம் ஊர்ச் சந்தைகளிலோ முப்பது, நாற்பது நாள் குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். முப்பதிலிருந்து நாற்பது நாளுக்குள் தாயிடமிருந்து பிரித்த நாய்களையும் அறுபது நாளில் பிரித்த நாய்களையும் ஒப்பிட்டு இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். முன்னதாகப் பிரிக்கப்பட்டவற்றில் ஓயாத குரைப்பும், தெருவில் நடக்க அச்சமும், சத்தத்துக்கு மிரள்வதும், பொருள்களைக் கடித்து நாசம் செய்வதும் அதிகம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் இந்திய நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் விதிக்கு உயிர் வரும்.

அப்படி வாங்கிய குட்டிகளைத்தான் பார்வோ வாரிக்கொண்டு போகிறது. 1978இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ், சில ஆண்டுகளிலேயே உலகம் முழுதும் பரவியது. இரத்தம் கலந்த கழிச்சல், வாந்தி, சுருண்டு படுத்தல் என்று தொடங்கி இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறிக்கும். தாய்ப்பால் தந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி முழுதாக வேலை செய்யாது. அந்த ஆற்றல் எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கி, பதினாறாம் வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஓர் ஊசி போட்டாயிற்றே என்று நிறுத்திவிட்ட வீடுகளில் குட்டி இறந்தபின் மருத்துவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக்கூடாது என்பதும் சரி, அதற்குள் உலகைக் காட்டியாக வேண்டும் என்பதும் சரி. தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டுங்கள். ஊசி போட்ட நாய்கள் உள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில் நாயும் பூனையும் ஒன்றல்ல. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழு 2013இல் காட்டியபடி, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதி மட்டுமே இருக்க, நாயிடம் பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதர் போட்ட சோற்றைத் தின்று தின்று நாய் அதற்கேற்ப மாறியிருக்கிறது. ஆகவே சோறு நாய்க்கு விஷமல்ல. ஆனால் தயிர்ச்சோறும் மேரி பிஸ்கட்டும் மட்டுமே உணவென்றால் உடம்பு பெருக்கும், தசை வற்றும். வளரும் குட்டிக்குச் சோறும் கறியும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாமல் முன்கால் வளையும். அதைப் பார்த்துப் பயந்து, பெரிய இனக் குட்டிகளுக்கு கால்சியம் டானிக்கை அளவில்லாமல் ஊற்றினால் எலும்பு வேறு விதமாகக் கெடும். வெங்காயமும் பூண்டும் நாய் பூனைகளின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் சாம்பார், பிரியாணி மிச்சத்தைப் போடக்கூடாது. பாயசத்து உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தை நிறுத்திவிடும்.

பூனையோ ஊனின்றி வாழ இயலாத உயிர். டாரின் என்ற சத்தைப் போதுமான அளவு அதன் உடலால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. கலிபோர்னியாவில் பால் பியான் என்ற மருத்துவர், இதயம் வீங்கிய பூனைகளுக்கு டாரின் கொடுத்து அவை தேறியதை 1987இல் சயன்ஸ் இதழில் எழுதியபின், பூனை உணவு தயாரிப்பவர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். அந்தக் குறைபாடு கண்பார்வையையும் அழிக்கும். பாலும் சோறும் போட்டுப் பூனை வளர்க்கும் சைவ வீடுகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பூனைக்கு மீனோ இறைச்சியோ, அவை சேர்ந்த கடை உணவோ தந்தே ஆக வேண்டும். வேகவைக்கும்போது டாரின் நீரில் இறங்கிவிடுவதால் வெந்த தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள்.

நம் வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் நாய்க்கு வரும் தலையாய நோய் உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் இருக்கிறது. ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால் பத்து நாளில் மறுபடி ஏறிவிடுவது இதனால்தான். அது பரப்பும் எர்லிக்கியா கிருமி 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்கள் பல இதற்குப் பலியாயின. மூக்கில் இரத்தம் வடிவது எல்லோருக்கும் தெரிந்த அறிகுறி. அதற்கு முன்பே நாய் வாசலுக்கு ஓடிவராது, படியேறத் தயங்கும், சோற்றை முகர்ந்துவிட்டு விலகும். நாய் மந்தமாகிவிட்டது, வயதாகிறது என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்ளும் அந்த வாரத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்தால் எளிய மாத்திரைகளால் குணப்படுத்திவிடலாம்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. நாயின் உண்ணிக்காக விற்கப்படும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொல்லும். நமக்குக் காய்ச்சலென்றால் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரை எடுக்கப் போதும். தரை துடைக்கும் பினாயிலில் நடந்த பாதத்தை நக்கினாலும் கேடு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதை அறியாமல், தொட்டுப் பார்த்துச் சுடுகிறதென்று மாத்திரை கொடுப்பவர்கள் ஏராளம்.

கத்திரி வெயிலில் பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சிரைத்து உடலைக் குளிர்விக்க முடியாமல் சாகின்றன. மதியம் நடக்க மறுக்கும் நாய் சோம்பேறி இல்லை. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்குவதற்குத் தடை சொல்லும் கொள்கையை 2024இல் தமிழ்நாடு அரசு முன்வைத்தது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

தீபாவளி நெருங்கும்போது எல்லாரும் கேட்பது வெடிச்சத்தத்தைப் பற்றி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் கேள்திறன் நாய்க்கு 45,000 வரை, பூனைக்கு 60,000க்கும் மேல் நீளும். பயந்த நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்பது பழைய பேச்சு, தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். மிகவும் நடுங்கும் நாய்க்குப் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் மருந்து கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பல ஆண்டுகள் வெடிக்குப் பயப்படாத நாய் நடுவயதில் திடீரெனப் பயப்படத் தொடங்கினால் மூட்டையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள். திடுக்கிட்டுத் தசை இறுகும்போது வலிக்கிறது; வலி சத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நள்ளிரவில் சுவரைப் பார்த்துக் குரைக்கும் கிழட்டு நாய்க்குப் பேய் தெரிகிறது என்கிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் மூளை முதுமையின் அறிகுறி இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் மறதியை ஒத்தது அது.

பூனை மேல் சுமத்தப்படும் இரண்டு பழிகளையும் சொல்லிவிட வேண்டும். பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்பது உண்மையில்லை. ஒவ்வாமை உள்ளவர்களைத் தொல்லைப்படுத்துவது அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். மருமகள் உண்டானதும் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவதும் தேவையில்லை. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனையின் மலத்தோடு வெளியே வந்து தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தாலே போதும். வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் அதைவிட ஆபத்தானவை.

கருத்தடை பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, செய்துவிட வேண்டும். செய்யாத பெட்டை நாய்களுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோக்கக்கூடும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதே பலவேளை முதல் அறிகுறி. கடுவன் பூனை சுவரில் பீய்ச்சுவதும் வீட்டைவிட்டு ஓடுவதும் பெரும்பாலும் அறுவைக்குப் பின் நின்றுவிடும்.

கடைசியாக, நடத்தையே நோயின் முகமாக வரும் வெறிநோய். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர். சாதுவான நாய் காரணமின்றிக் கடிக்கிறது, பழகியவரைக் கண்டு ஒளிகிறது, குரல் கம்முகிறது. இன்னொரு வகையில் ஆவேசமே இராது. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நிற்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று வாய்க்குள் கைவிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அறிகுறி வந்தபின் நாய்க்கும் மருத்துவமில்லை, மனிதருக்கும் இல்லை. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் ஆண்டுதோறும்; வெளியே போகாத பூனைக்கும் இது பொருந்தும். கடித்தாலோ கீறினாலோ புண்ணில் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நாய் என்ன ஆகிறது என்று பார்க்கக் காத்திராமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். சொன்ன நாள்களில் எல்லா ஊசிகளையும் முடித்துவிடுங்கள்.